ஜித்தா நேரம்

எங்கள் தெருவில் ஒரு மவுத்து விழுந்தால், "எப்படிப் போனாங்க?" என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "புள்ள எந்த ஏர்போர்ட்டு?" என்பது. கேட்பவர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. மையத்தை, இறந்த உடலை, எப்போது அடக்குவது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. துபாய் என்றால் விமானத்தில் நாலு மணி நேரம். குவைத் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூட. ஜித்தா என்றால் ஐந்தரை. அதற்கு மேல் மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம், அங்கிருந்து விருத்தாசலத்துக்குக் காரில் ஐந்து மணி நேரம். பள்ளிக்கூடம் போகாத கிழவிக்குக்கூட எங்கள் ஊரில் இந்த வாய்ப்பாடு தெரியும்.

அதிலும் கலீல் ரஹ்மான் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பது வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு மங்கலம்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். யார் வீட்டில் மவுத்து என்றாலும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி முதலில் அவருக்குத்தான் போன் போடுவார். மாமா கண்ணை மூடி விரலை மடக்குவார். "புள்ள சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள வந்துருவான், அசருக்கு அப்புறம் வச்சுக்குங்க" என்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. என் மாமியார் ரசியா பேகத்தின் உடன்பிறந்த தம்பி அவர். என் புருஷன் முகம்மது ரியாஸுக்குத் தாய்மாமன். எனக்கு வாப்பா இல்லை. அந்த இடத்தில் அவரைத்தான் வைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் மர்ஜானா. செராமிக் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். நல்ல கட்டை கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது பொத்தென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் கண்டுபிடிப்பவள் என்று சூப்பர்வைசர் பாலகிருஷ்ணன் சார் என்னைப் புகழ்வார். அந்தக் காதை வீட்டுக்கு வரும்போது கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் போல.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று நம் நேரம். இன்னொன்று ஜித்தா நேரம், நமக்கு இரண்டரை மணி பின்னால். ரியாஸ் முதன்முதலில் ஜித்தா போனபோது அவருடைய அம்மா, என் மாமி, வாங்கி மாட்டியது. விமானத்தில் முன் சீட்டின் முதுகில் இருக்கும் சின்ன டிவியில் இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டுமாம். நாலாயிரத்து நானூறு கிலோமீட்டர் என்று அவர் போய் இறங்கியதும் போனில் சொன்னார். மாமி அந்த எண்ணைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டார். பால்காரர் சாமிக்கண்ணுவிடம்கூடச் சொன்னார். "ஆத்தாடி" என்று அவர் வாயைப் பிளந்தால் மாமிக்கு ஒரு பெருமை.

அந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்துத்தான் மாமி மத்தியானச் சோறு சாப்பிடுவார். ஜித்தாவில் ஒரு மணிக்கு ரியாஸுக்குச் சாப்பாட்டு நேரம். நமக்கு அப்போது மூன்றரை. "எம்புள்ள பசியோட வேல பாக்கறப்ப எனக்கு இங்க இறங்குமா?" என்பார். சர்க்கரைக்காரி வேறு. ரெண்டு மணிக்கே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். பக்கத்து வீட்டுப் பூவாயி அக்காவும் நானும் சண்டை போட்டுப் பார்த்தோம். டாக்டர் திட்டிப் பார்த்தார். அதிகம் போனால் ஒரு பிஸ்கோத்தைக் கடித்துக்கொள்வார், சோற்றைத் தொடமாட்டார். சரியாக மூன்றரைக்கு ரியாஸின் ஜித்தா நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் போன் வரும்.

"சாப்புட்டியாம்மா?"

"நீ சாப்புட்டியாடா?"

"இப்பதாம்மா உக்காந்தேன்."

அதற்குப் பிறகுதான் மாமியின் கை தட்டுக்குப் போகும். ரியாஸுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். நானே சொன்னேன். "அவங்கள நேரத்தோட சாப்புடச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன். "அது அம்மாவோட ஆசை, வுடு" என்று சிரித்தார்.

கடைசியாக அவர் ஊருக்கு வந்துவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. விருத்தகிரியின் காரில் மீனம்பாக்கம் வரை போய் நானும் மாமியும் வழியனுப்பிவிட்டு வந்தோம். எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போகிறவர்களை ஏற்றிப் போவதும், வருகிறவர்களைக் கூட்டி வருவதும் விருத்தகிரிதான். மாசாமாசம் பணம் தவறாமல் வந்தது. போன் தவறாமல் வந்தது. ஆள் மட்டும் வரவில்லை. மாமிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று நான் அழுதுகொண்டே கூப்பிட்டேன்.

"முதலாளி பாஸ்போர்ட்ட குடுக்க மாட்டேங்கறாரு மர்ஜானா. நான் என்ன பண்ணட்டும் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து மாமி ஒவ்வொரு தொழுகையிலும் அந்த முதலாளிக்காக துஆ கேட்டார். அவருடைய குடும்பம் நல்லா இருக்கணும், அவருடைய மனசு இளகணும் என்று. முகம் தெரியாத ஒருவனுக்காக இந்தக் கிழவி இப்படி உருகுகிறதே என்று எனக்குக் கண் கலங்கும்.

ஒரு நாள் சாயங்காலம் ரியாஸோடு பேசிக்கொண்டிருந்தபோது போனுக்குள் சூரியன் மறையும் நேரத்து மஃரிப் பாங்கு கேட்டது. கேட்டு முடிவதற்குள் எங்கள் பள்ளிவாசலிலும் பாங்கு ஆரம்பித்தது. ஜித்தாவில் அப்போது வெயில்கூடத் தாழ்ந்திருக்காதே என்று யோசித்துக் கேட்டுவிட்டேன்.

"போன்ல நம்மூர் நேரத்துக்குப் பாங்கு வச்சிருக்கேன். ஊரு ஞாபகம் வருதுல்ல" என்றார்.

அன்று முழுக்க எனக்கு மனசு குளிர்ந்து கிடந்தது. ஊர்ப் பாங்கைக் கேட்டுக்கொண்டு தூர தேசத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற புருஷன்! பூவாயி அக்காவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். ஒருவரை ஏமாற்ற நிறையப் பொய் வேண்டியதில்லை. நமக்குப் பிடித்த மாதிரி ஒரு பொய் போதும்.

மாமி போனது விடியற்காலை பஜ்ருத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால். முந்தின நாள் முழுக்க, "ரியாஸு கெளம்பிட்டானா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். "கெளம்பிட்டாரு மாமி" என்று நானும் பொய் சொன்னேன். கலிமாவை நான் காதில் சொல்லச் சொல்ல உதடு அசைந்தது. அப்புறம் அசையவில்லை.

ரியாஸுக்கு போன் போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். அங்கே நடுராத்திரி தாண்டியிருக்குமே, தூங்காமல் இருந்திருக்கிறாரே என்று அந்த நேரத்திலும் எனக்கு அவர்மேல்தான் பாவமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.  அழுதுகொண்டே சொன்னார்.

"இப்பவே ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறேன். காலைல ஃப்ளைட்டு இருக்குது. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். எனக்காக அம்மாவ வச்சிரு மர்ஜானா. மூஞ்சிய ஒரு தடவ பாத்துடறேன்."

"விருத்தகிரிய ஏர்போர்ட்டுக்கு அனுப்பறேங்க."

"வேணாம், வேணாம். நானே வந்துக்குவேன்."

மூஞ்சியை ஒரு தடவை பார்க்க வேண்டும். என் தலைக்குள் அன்று காலை முழுக்க அது ஒன்றுதான் ஓடியது. பெற்ற தாயைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்துவிட்டோம் என்ற பழி இந்த வீட்டுக்கு வரக்கூடாது. நாலாயிரத்து நானூறு கிலோமீட்டர் பறந்து வருகிறவர் வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது.

நான் கணக்குப் போட்டேன். அவர் விமானம் ஏறவே நமக்கு ஏழரை ஆகும். ஐந்தரை மணி நேரம் வானத்தில். இறங்கி வெளியே வந்து, காரில் வந்து சேர இருட்டிவிடும். ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகுதான் அடக்கம். பூவாயி அக்காவிடம் சொல்லி ஃப்ரீசர் பாக்ஸுக்கு ஆள் அனுப்பினேன். பெண்கள் சேர்ந்து மாமியைக் குளிப்பாட்டி வெள்ளைக் கஃபன் துணி இட்டோம். முகத்தை மட்டும் மூடாமல் விட்டோம், மகனுக்காக.

அப்போதுதான் பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பு வந்தது. "மர்ஹூமா ரசியா பேகம் அவர்களின் ஜனாஸா, இன்ஷா அல்லாஹ், லுஹர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் செய்யப்படும்."

கூடத்திலிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் வாய்ப்பாடு தெரியுமே. ஜித்தாவிலிருந்து மத்தியான லுஹருக்கு எப்படி வர முடியும்?

"யாரு நேரம் குறிச்சது?" என்று கேட்டேன்.

"கலீல் பாய்தான்" என்றார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மவுத்து வீட்டில் மருமகள் ஆண்கள் நடுவே வந்து நிற்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நின்றேன்.

"மாமா, என்னா கணக்கு இது?"

கலீல் மாமா தலையை நிமிர்த்தவில்லை. "உள்ள போம்மா. எல்லாம் சரியா நடக்கும்."

"எப்படி சரியா நடக்கும்? ஜித்தாவுல இருந்து ஐந்தரை மணி நேரம் ஃப்ளைட்டு. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே? காலை ஃப்ளைட்டப் புடிச்சு அவரு மெட்ராஸ்ல எறங்கவே மத்தியானம் ஆயிடும். அப்புறம் ஐந்து மணி நேரம் ரோடு. லுஹருக்கு எங்கேருந்து வருவாரு? எவன் எவன் வூட்டுக்கெல்லாமோ விரல மடக்கினீங்களே, கூடப்பொறந்த அக்காவுக்கு மடக்க மாட்டீங்களா?"

"மையத்த ரொம்ப நேரம் வைக்கக் கூடாது மர்ஜானா."

"போன மாசம் அந்தத் தெருவுல துபாய்ப் புள்ளைக்காக அன்னிக்கு முழுக்க வச்சிருந்தீங்களே, அது மையத்து இல்லியா? பெத்த புள்ள மூஞ்சியப் பாக்காம மூடணும்னு உங்களுக்கு என்னா அவசரம்?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. விருத்தகிரி கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தான். "அக்கா சொல்றது சரிதான்யா. நான் இங்கேருந்து எத்தன தடவ போயாந்திருக்கேன். இருட்டாம வர முடியாது" என்றான்.

முத்தவல்லி ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டே கலீல் மாமாவைப் பார்த்தார். "என்னா கலீலு, பொண்ணு சொல்றது நியாயமாத்தானே இருக்குது? இஷாவுக்கு மாத்திடலாமா?"

 மாமா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "அவன் வந்துருவான்" என்றார்.

"பறந்தா வருவாரு?" என்று கத்தினேன். பறந்துதான் வருகிறார் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஹாஜியார் எழுந்தார். "இஷாவுக்கு அப்புறம்தான். மைக்குல மாத்திச் சொல்லச் சொல்றேன்" என்று பள்ளிவாசல் பக்கம் ஆளை அனுப்பினார். ஜெயித்துவிட்டேன். என் புருஷனுக்காக ஊரை எதிர்த்து நின்று ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. மாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ரியாஸு வர்ற வரைக்கும் யாரும் உங்களத் தொட முடியாது மாமி" என்று அவர் காதில் சொன்னேன்.

வெயில் ஏறியதும் ஃப்ரீசர் பாக்ஸ் ஏற்றிய ஆட்டோ வாசலில் வந்து நின்றது. இரண்டு ஆட்கள் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வாடகைக் கார் வந்தது. அதிலிருந்து ரியாஸ் இறங்கினார்.

 பெட்டியைத் தூக்கியவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். லுஹருக்கு இன்னும் பாங்குகூடச் சொல்லவில்லை. நான் போட்டுக் கொடுத்த கணக்கு ஒவ்வொரு மண்டைக்குள்ளும் பச்சையாக இருந்தது. ஊருக்கே கேட்கும்படி நானே அல்லவா சத்தம் போட்டுச் சொல்லியிருந்தேன்.

ரியாஸ் யாரையும் பார்க்காமல் உள்ளே ஓடி வந்து மாமியின் காலடியில் விழுந்தார். "அம்மா, வந்துட்டேம்மா" என்று கதறினார். அழுகை பொய் இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. தோளில் ஒரு சின்னப் பை. விமானத்தில் வந்தவர்களின் பையில் தொங்கும் காகிதச் சீட்டு அதில் இல்லை. காலில் ரப்பர் செருப்பு.

கொஞ்சம் அடங்கியதும் சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். "நேத்து சாயங்காலமே மெட்ராஸ்ல எறங்கிட்டேன். சொல்லாம வந்து அம்மாவ சந்தோஷப்படுத்தலாம்னு..."

"அல்லாஹ் புள்ளையக் கொண்டாந்து சேத்துட்டான்" என்று ஒரு கிழவி சொன்னாள். இன்னும் சிலர் ஆமாம் ஆமாம் என்றார்கள். மனிதர்களுக்கு நம்புவது சுலபமாக இருந்தால் நம்பிவிடுகிறார்கள். நானும் ஒரு நிமிஷம் நம்பப் பார்த்தேன். அப்படியென்றால் பஜ்ரு நேரத்தில் என்னிடம் ஏன் "ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறேன்" என்றார்? சரி, பதற்றத்தில் உளறியிருக்கட்டும். ஆனால் கலீல் மாமாவுக்கு எப்படித் தெரியும்? லுஹருக்குள் வந்துவிடுவான் என்று தெரிந்து நேரம் குறித்தவர் அவர்தானே?

மாமா கொல்லைப்புறத்துக் குழாயில் தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தார். போய் எதிரில் நின்றேன்.

"எத்தன நாளா தெரியும் மாமா?"

குழாயை மூடினார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.  நான் நகரவில்லை.

"ஒன்றர வருஷமா மெட்ராஸ்லதாம்மா இருக்கான்" என்றார். "ஜித்தாவுல வேல புடிக்காம வந்துட்டான். மெட்ராஸ்ல ஒரு பேக் கடைல மேனேஜரு. என் கடைக்கு சரக்கு எடுக்கப் போனப்ப தற்செயலாப் பாத்தேன். கொஞ்ச நாள் டைம் குடுங்க மாமா, நானே சொல்லிக்கிறேன்னு கையப் புடிச்சான்."

"மாமி படுத்ததுக்கு அப்புறமும் டைமு குடுத்தீங்களா?"

"நான் போயி சொன்னேம்மா. திட்டினேன். வர்றேன் வர்றேன்னுதான் சொன்னான்." குழாயைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கும் ராத்திரி வரைக்கும் வச்சிரச் சொல்லித்தான் போன் பண்ணான். ஃப்ளைட்ல வந்த மாதிரி வந்துக்கறேன்னான். ஒம் பொய்க்காக எங்கக்காவப் பெட்டியில போட்டு ஐஸ் வைக்க மாட்டேன், லுஹருக்கு அடக்கிருவேன், வந்தா வான்னு சொல்லிட்டேன்."

ஊருக்கே நேரம் சொன்ன மனுஷன். கூடவே இருந்து குழி பறித்திருக்கிறார். பெரிய யோக்கியமாகக் கடைசியில் ஒரு நேர்மை.

"அத என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வரலியா? பந்தல்ல நின்னு அவருக்காக நான் நாய் மாதிரி கத்தினப்பக்கூட வரலியா?"

அவர் குனிந்த தலை குனிந்தபடியே பள்ளிவாசலுக்குப் போனார்.

மைக்கில் மறுபடியும் மாற்றிச் சொன்னார்கள். ஃப்ரீசர் பாக்ஸ் இறங்கிய வேகத்தில் திரும்பிப் போனது. லுஹருக்குப் பிறகு மாமியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மையத்தைச் சுமக்கும் சந்தூக்கின் முன்காலை ரியாஸ் தோளில் வைத்திருந்தார். நான் வாசல்படி வரைதான் போக முடியும். அங்கே நின்று பார்த்தேன்.

அடக்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டு, சட்டை மாற்ற அறைக்குள் வந்தார் ரியாஸ். கதவைச் சாத்தினேன்.

"மாமா சொல்லிட்டாரு" என்றேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "யாரு அவ?"

"சத்தியமா யாரும் இல்ல மர்ஜானா. அம்மா மேல சத்தியமா. நான் தனியாத்தான் இருக்கேன்."

"அப்புறம் எதுக்கு?"

 "ஜித்தான்னு சொன்னா யாரும் வான்னு கூப்புட மாட்டாங்க" என்றார். "மெட்ராஸ்னா ஆஸ்பத்திரிக்கு வா, கல்யாணத்துக்கு வா, சண்டைக்கு வா. புள்ள இல்லியான்னு கேட்டே கொன்னுடுவாங்க. அங்க இருந்தப்ப பழகிடுச்சு. பணத்த அனுப்பிட்டு, போன்ல பேசிட்டு, நிம்மதியா... அந்த நிம்மதிய வுட முடியல. மொதல்ல ஒரு மாசம்னு நெனச்சேன்."

இன்னொருத்தி இருந்திருந்தால் அவளைச் சபித்துக்கொண்டாவது நான் உயிரோடு இருந்திருப்பேன். சபிக்கவும் ஆளில்லை. மாமிக்கும் எனக்கும் பதிலாக அவர் தேர்ந்தெடுத்தது வெறும் தூரத்தை. அதுவும் இல்லாத தூரத்தை. இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு, நாலாயிரத்து நானூறை எங்களுக்கும் தனக்கும் நடுவில் விரித்துப் போட்டிருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதில் ரத்தம்கூட வராது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"மூணு நாள் இருந்துட்டுக் கெளம்பறேன்" என்றார். நான் கதவைத் திறந்தேன்.

மவுத்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு மூட்டுவதில்லை. மங்கலம்பேட்டை உறவுக்காரர்கள் சோறும் தாளிச்சாவும் கொண்டுவந்திருந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து ஆண்களை உட்கார வைத்தார்கள். ஹாஜியார், விருத்தகிரி, இன்னும் தெருக்காரர்கள். ரியாஸும் கலீல் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பூவாயி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். தட்டுகளில் சோறு விழுந்தது. காலையிலிருந்து பட்டினி போல. ரியாஸ் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையைச் சோற்றில் வைத்தார்.

"கைய எடுங்க" என்றேன்.

எல்லார் கையும் நின்றது.

"உங்களுக்கெல்லாம் இல்லீங்க. நீங்க சாப்புடுங்க. அவருக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் சொல்றேன்." கூடத்துக்குள் போனேன். சுவரில் இருந்த இரண்டாவது கடிகாரத்தைக் காட்டினேன். "மணி என்னா ஆவுது, பாத்துச் சொல்லுங்க."

ரியாஸ் நிமிர்ந்து பார்த்தார். 

"பதினொன்றர" என்று விருத்தகிரி மெல்லச் சொன்னான்.

"இந்த வூட்டுல ஜித்தாவுல ஒரு மணி ஆனாத்தான் சோறு. உங்கம்மா அப்படித்தான் சாப்புட்டாங்க. கை நடுங்க நடுங்க, வேத்துக் கொட்டக் கொட்டக் காத்துக் கெடந்தாங்க. நீங்க மெட்ராஸ்ல நம்ம நேரத்துக்கு சாப்புட்டுட்டு, மூன்றரைக்கு போன் பண்ணி இப்பதான் உக்காந்தேன்னு சொன்னீங்கல்ல? உக்காருங்க. ஒரு நாளைக்குக் காத்திருந்து பாருங்க."

இருவர் தட்டையும் எடுத்து, மாமி எப்போதும் மூடி வைப்பது போல இன்னொரு தட்டால் மூடி அவர்கள் முன்னாலேயே வைத்தேன். அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் செய்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மற்றவர்களும் சாப்பிடவில்லை. ஹாஜியார் தன் தட்டைச் சத்தமில்லாமல் முன்னால் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து பந்தலுக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அழுதார். ரியாஸ் கடிகாரத்தைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நேரம் அந்த மனுஷி தினமும் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அந்தக் கடிகாரத்தில் முள் ஒரு மணியைத் தொட்டதும் ரியாஸின் தட்டைத் திறந்து பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். சோறு ஆறிக் கட்டியாகிப் போயிருந்தது. அவர் கையைக் கொண்டுபோனார். சோற்றுக்கு மேலே கை அப்படியே நின்றது.

"மொதல்ல கேளுங்க" என்றேன். "தெனமும் இந்த நேரத்துக்குக் கேப்பீங்கல்ல? சாப்புட்டியாம்மான்னு. இப்பக் கேளுங்க."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து உள்ளே போனேன்.